மே மாதத் தண்ணீர்

செவ்வந்தி நகர், வடக்குத்து
27.12.2024

செந்தாமரை அக்காவுக்கு,

வணக்கம். என் பெயர் தேவயானி. உங்கள் அப்பா கலியமூர்த்தி சார் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அப்பா காரியத்துக்கு நீங்கள் நாக்பூரிலிருந்து வந்து அன்றைக்கே திரும்பிப் போனீர்கள். பந்தல் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாளே ஒரு சின்னப் பெண், அவள் என் மகள் இசைப்பிரியா. அன்றைக்கே உங்களிடம் பேசியிருக்க வேண்டும். கார் கிளம்பும்வரை எனக்கு வாய் வரவில்லை. போனிலும் கூப்பிட்டுப் பார்த்தேன், தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டீர்கள் போல. விலாசம் சார் பையில் இருந்த ஒரு கவரில் கிடைத்தது. ஒரு மாதம் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கணும்.

நகர் நலச் சங்கத் தலைவர் கருணாகரன் நினைவு மலர் போடுகிறார். "நம்ம நகர்லயே டிகிரி முடிச்ச பொண்ணு நீதாம்மா. 'தண்ணீர்த் தந்தை'ன்னு தலைப்பு போட்டு சார் வாழ்க்கைய ரெண்டு பக்கம் உருக்கமா எழுதிக் குடு" என்றார். எழுத உட்கார்ந்தால் தலைப்பைத் தாண்ட முடியவில்லை அக்கா. தண்ணீர்த் தந்தையாம். சாருக்கு இங்கே இருந்த பெயர் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எழுதவே கூசுகிறது. பீத்தண்ணி சார். சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் போதும், "பீத்தண்ணி வருது, கொடத்த மூடு" என்று சிரிப்பார்கள். பெயர் வைத்ததே கருணாகரன்தான்.

எனக்கு அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். இசைக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். வீடு திரும்பிய அன்று சார் வந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. "தண்ணி எங்க பிடிக்கிற?" என்றார். சங்கத்து போர்வெல் என்றேன். ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். "கோடு வரைக்கும் தண்ணி பிடி. மூடி போடு. துணியில சுத்தி இடுப்புல கட்டிக்க, சூடு ஆறக் கூடாது. ரெண்டு நாள். தண்ணி கறுத்தா அதுல மனுசக் கழிவு கலந்திருக்குன்னு அர்த்தம். தொறந்து மட்டும் பார்க்காத."

மறுநாள் காலையிலேயே தார் மாதிரிக் கறுத்துவிட்டது. நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அந்தத் தண்ணீரை என் கையால், சங்கில் ஊற்றி, தலையைத் தடவிக்கொண்டே புகட்டியிருக்கிறேன். இப்போதும் அதை நினைத்தால் என் கையே எனக்குப் பிடிக்காது.

சங்கத்துக் கழிப்பறைக் குழி போரிலிருந்து பதினைந்தடிதான். சார் அந்த போர் பைப்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பாதிப் பேர் அங்கே பிடிப்பதில்லை. நாங்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம்.

இப்போது அதே போரில் டேங்க் வைத்து, டைல்ஸ் ஒட்டி, 'கலியமூர்த்தி நினைவுக் குடிநீர்' என்று திறக்கப் போகிறார்கள். ஜனவரி 26. பக்கத்து பால்வாடிக்கும் அதுதான் தண்ணீர். குழி அப்படியே இருக்கிறது. சிவப்புப் பெயிண்டைச் சுரண்டிவிட்டார்கள். சார் போட்டோவை டைல்ஸில் அச்சடித்து, சரியாக அவர் தாடைக்குக் கீழே குழாயைப் பொருத்தியிருக்கிறார்கள். அவர் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவது போல. நின்று பார்க்க முடியவில்லை அக்கா.

சார் எனக்குக் கொடுத்ததில் இரண்டு பாட்டில் மிச்சம் இருந்தது. போன வாரம் ஒன்றில் பிடித்து வைத்தேன். கறுத்துவிட்டது.

அப்பா பெயரை வைக்கச் சம்மதம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் நன்கொடையாளர் பணம் தரமாட்டாராம். அதை வாபஸ் வாங்கினால் இது நின்றுவிடும். என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. ஆள் அனுப்புவது கருணாகரன். அதனால் நான் எழுதியது வெளியே தெரிய வேண்டாம். இசை இந்த வருஷம் பால்வாடிக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
தேவயானி


நாக்பூர்
5.1.2025

தேவயானிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சம்மதம் எழுதிக் கொடுத்தது உண்மை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சங்கத்து ஆள் காரியத்தன்று என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து நான்கு போட்டோ எடுத்தார். "கொஞ்சம் சோகமா பாருங்கம்மா" என்றார். அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நீங்கள் சொல்லும் சாரை எனக்கும் தெரியும். பதினோராவது பிளாக் குவார்ட்டர்ஸில் அவரோடு இருபது வருஷம் இருந்தேன். மைன்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் பகலெல்லாம் நிலக்கரிச் சோதனை, வீட்டுக்கு வந்தால் ஊர்த் தண்ணீர். சேத்தியாத்தோப்பு வரை சைக்கிளில் போய்ப் பாட்டில் பிடித்துவருவார். எங்கள் ஃபிரிட்ஜில் பால் வைக்க இடம் இருக்காது. ரிட்டயர்டு ஆனால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்வாள். ரிட்டயர்டு ஆனதும் முழுநேரம் ஆகிவிட்டது.

நானும் அவரும் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று அங்கே பலவிதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான். 2018, அம்மாவின் பதினாறாம் நாள். இலை போட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் லாரி வந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கடியில் பாட்டிலோடு நின்றார். "ரெண்டு நாள் பார்க்காம இந்தத் தண்ணிய யாரும் தொடக் கூடாது" என்று டிரம்மைக் கவிழ்த்துவிட்டார். பெரியப்பா எழுந்து போனார். அத்தைகள் எழுந்து போனார்கள். அம்மாவுக்கு வைத்த இலைகள் ஈ மொய்க்கக் கிடந்தன. அன்று மாலையே கிளம்பியவள், அதற்குப் பிறகு அவரைப் படமாகத்தான் பார்த்தேன்.

ஆகவே, பாட்டில் கறுத்தது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு அதைக் கேட்டாலே அருவருப்பு. உங்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாமென்றால் குடிக்காதீர்கள். பால்வாடியில் போய்ச் சொல்லுங்கள். இன்னொரு சபையைக் கெடுக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

உங்கள் குழந்தை நலமாக இருக்கட்டும்.

செந்தாமரை


செவ்வந்தி நகர்
11.1.2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. டிரம் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி பால்வாடியில் சொன்னேன். அங்கே ஆயாவாக இருக்கும் ஆதிலட்சுமி அம்மா, "நான் இன்னா பண்றது கண்ணு, குடுக்கச் சொன்னா குடுக்கணும். பெரியவரு சொல்லிக்கினே இருந்தாரு, யாரு கேட்டாங்க?" என்றார்கள்.

கடைசியில் நானே கருணாகரன் வீட்டுக்குப் போனேன். கறுத்த பாட்டிலைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"வாம்மா, உக்காரு. டீ போடச் சொல்லட்டா? பயப்படாத, கேன் தண்ணிதான்."

பிறகு உள்ளேயிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்தார். 'சங்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் சோதிக்கப்பட்டது. கழிவுக் கலப்பு இல்லை. குடிக்க உகந்தது.' தேதி 14.5.2024. கீழே சார் கையெழுத்து. சாய்வாக, கடைசி எழுத்தில் வால் நீளமாக. சார் புகார் எழுதிய எத்தனை போஸ்ட்கார்டில் பார்த்த கையெழுத்து அது.

"உன் சாரே சொல்லிட்டாரும்மா. அவர விட நீ பெரிய விஞ்ஞானியா? செத்த மனுசன் கையெழுத்தப் பொய்யாக்காத, பாவம்" என்றார்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதுவரை கருணாகரன் மேல்தான் அருவருப்பு இருந்தது. இப்போது சார் மேலும். நகரெல்லாம் ஏளனம் செய்தபோதும் நான் நம்பிய ஒரே ஆள். என் இடுப்பில் கறுத்த அதே தண்ணீரை, குடிக்க உகந்தது என்று எப்படி எழுதினார்? எவ்வளவுக்கு எழுதினார் என்றுகூட நினைத்துவிட்டேன். நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆகஸ்டில் சாருக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டது. கடைசி மூன்று மாதம் நாங்கள்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். கேட்டிருக்கவும் முடியாது. ஜன்னல் வழியாக போர் பக்கம் இடது கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். தாகம் என்று தம்ளரில் தண்ணீர் கொண்டுபோவேன். தட்டிவிடுவார். பாய், சட்டை எல்லாம் நனையும். "சாருக்குக் குழந்தை புத்தி வந்துட்டுது" என்று சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு இன்னொரு தம்ளர் கொண்டுபோவேன்.

உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. அவர் அப்படிக் கையெழுத்துப் போடக்கூடிய ஆளா? உங்களுக்குத்தான் தெரியும்.

தேவயானி


நாக்பூர்
17.1.2025

தேவயானி,

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இணைப்பு இரண்டு.

உங்கள் கடிதத்தில் 14.5 என்ற தேதியைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோதே அவர் சொல்வார், மே மாதத் தண்ணீர் பொய் சொல்லும் என்று. வெயிலில் நிலத்தடி நீர் கீழே இறங்கிவிடும், குழியும் காய்ந்திருக்கும், எந்தப் பாட்டிலும் கறுக்காது. மழை விழுந்து நீர் மேலே ஏறினால்தான் குழியும் கிணறும் ஒன்றையொன்று தொடும். கோடைப் பாட்டிலுக்கு அவர் ஆயுளில் கையெழுத்துப் போட்டதில்லை. பெரிய அதிகாரிகள் கேட்டே போடவில்லை. அதற்காக இரண்டு பிரமோஷன் போயிற்று.

இந்த ஆறு வருஷத்தில் எனக்கு அவரிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம், போன ஜூனில். நான் பிரிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. பீரோவில் புடவைக்கடியில் கிடந்தது. நேற்று பிரித்தேன்.

மூன்று பக்கம். என்னைப் பற்றி நான்கு வரி, மீதியெல்லாம் கழிப்பறைக் குழி. வேறு எப்படி இருக்கும்? நான்கு வரி உங்களுக்கு அல்ல. மீதியின் நகலை வைத்திருக்கிறேன். அதில் அவர் எழுதியிருப்பது: "கருணாகரன் ஒரு தாள் கேட்டான். அதைக் காட்டினால் நன்கொடை வரும், அந்தப் பணத்தில் ஆடி பிறக்குமுன் குழியை மூடி வேறு இடத்துக்கு மாற்றுவதாகச் சொன்னான். சாமி படத்தின் மேல் கை வைத்துச் சொன்னான். நான்கு வருஷம் கத்தி நடக்காதது ஒரு கையெழுத்தில் நடக்கட்டும் என்று மே மாதப் பாட்டிலுக்குப் போட்டுவிட்டேன். எழுதிய கையை மூன்று தடவை கழுவினேன். மழைக்குள் குழி மூடாவிட்டால், அந்தத் தாள் பொய் என்று நானே மைக் வைத்துச் சொல்வேன்."

ஆகஸ்டில் கையும் வாயும் போயிற்று என்கிறீர்கள்.

பணத்துக்குப் போடவில்லை. ஏமாந்து போட்டார். ஊரில் ஒருவரையும் நம்பாத மனிதர், நம்பக் கூடாத ஒருவனை நம்பியிருக்கிறார். எனக்கு இது ஆறுதலா, எரிச்சலா என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டாவது இணைப்பு, என் சம்மதத்தை வாபஸ் வாங்கும் கடிதம். சங்கத்துக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

செந்தாமரை


செவ்வந்தி நகர்
30.1.2025

அக்கா,

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்த ஜன்னல். உங்கள் கடிதத்தைப் படித்த நிமிஷத்தில் புரிந்தது. சார் தாகத்துக்குக் கை காட்டவில்லை. மழை வந்துவிட்டது, குழி மூடவில்லை, போய்ச் சொல் என்று காட்டியிருக்கிறார். நான் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை.

வாபஸ் கடிதம் 23ஆம் தேதியே சங்கத்துக்கு வந்துவிட்டது. கருணாகரன் படித்து மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டாராம். "அது அப்பன் மக சண்ட. பந்தல்காரன் அட்வான்ஸ் வாங்கிட்டான்." உங்கள் அப்பா கடிதத்தின் நகலை நான் கொண்டுபோய்க் காட்டியதும் என்னிடம் பேசவில்லை, ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் பேசினார். "தமிழு, வூட்டுக்காரிய அடக்கி வை. அன்னைக்கு மொதத் தம்ளர் உன் பொண்ணு கையிலதான் குடுக்கப் போறோம். பேப்பர்ல போட்டோ வரும்."

வீட்டுக்கு வந்து தமிழ்மாறன் குதித்தார். "உனக்கு இன்னா, நீ வூட்டுல உக்காந்துகினு லெட்டர் எழுதுவ. நாளைக்கு மைன்ஸ் கேட்டுல என் பேரு இல்லன்னா யாரு சோறு போடுவா?" கடைசி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் சார் முகத்துக்குக் கீழே இருக்கும் குழாயிலேயே பிடித்துவந்தேன். இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஆனால் மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டு, ஒரே வியர்வை, குளிர். சூடு ஆறிவிடுமோ என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் அவிழ்த்து வாங்கித் தன் பனியனுக்குள் விட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார். மாலையில் வந்து மேஜையில் வைத்தார். கறுப்பு. "கருமம்" என்றார்.

26ஆம் தேதி. பந்தல், மைக், சீரியல் செட். பால்வாடிக் குழந்தைகள் எட்டுப் பேர் வரிசை, முதலில் இசை, தலையில் கனகாம்பரம். ஆதிலட்சுமி அம்மா தட்டில் தம்ளர்களோடு. கருணாகரன் மைக்கில், "தண்ணீர்த் தந்தை கலியமூர்த்தி சாரை நான் என் அண்ணனா நெனச்சேன்" என்று கண்ணைத் துடைத்தார். போய் சார் படத்துக்கு முன்னால் குத்துவிளக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்துவிட்டு, இசையைத் தூக்கிக்கொண்டேன்.

"இது இன்னாம்மா? மசி கரைச்சி எடுத்தாந்தியா?" என்றார் கருணாகரன்.

"இல்லைங்க. இந்தக் குழாய்த் தண்ணி. முந்தாநாள் பிடிச்சது."

"பார்த்தீங்களா சார்" என்று அவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்த நன்கொடையாளர் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ளைங்க பண்ற வேலய! மசி சார், வெறும் மசி. இதோ பாருங்க." மூடியைத் திருகித் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

அதை ஏன் திறக்கக் கூடாது என்று சார் சொன்னார் என்பது அன்றுதான் தெரிந்தது. கூடை முட்டை அழுகினாற்போல ஒரு நாற்றம். கருணாகரன் 'உவ்வே' என்று கையை உதற, பாதி அவர் வெள்ளைச் சட்டையிலேயே. விருந்தினர் போட்டிருந்த பொன்னாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மைக் என் கையிலிருந்த இசையின் வாய்க்கு நேராக இருந்தது. "அம்மா, மாமா கக்கா போயிட்டாரு" என்றாள். அது வடலூர் ரோடு வரை கேட்டிருக்கும்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. ஆதிலட்சுமி அம்மா தட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். தம்ளர்கள் உருண்டன. "நான் ஊத்த மாட்டேன்பா. நாலு வருசமா ஊத்துனதே போதும்." விருந்தினர் காரில் ஏறிவிட்டார். நன்கொடையும் அதே காரில் போய்விட்டது என்கிறார்கள். உங்கள் அப்பா கடிதத்தை மைக்கில் படிக்கலாம் என்று மடித்து வைத்திருந்தேன். படிக்க வேண்டி வரவில்லை.

ஆனால் அக்கா, இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. தமிழ்மாறனை நாலு நாளாக டூட்டிக்குக் கூப்பிடவில்லை. வேறு காண்ட்ராக்டரிடம் கேட்டிருக்கிறார். மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள், குழி மட்டும் அப்படியே. கருணாகரன் இப்போது டீக்கடையில், "நானே சார்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன், அந்தத் தண்ணி சரியில்லன்னு" என்கிறாராம். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். பீத்தண்ணி சார் என்று சிரித்த அதே தலைகள்.

சார் முகம் டைல்ஸில் அப்படியே இருக்கிறது, கீழே வெறும் குழாயோடு. நாய் வந்து காலைத் தூக்குகிறது. எனக்குத் தாங்கவில்லை. பெயர்த்து எடுத்துவிடட்டுமா?

தேவயானி


நாக்பூர்
6.2.2025

அன்புள்ள தேவயானி,

பெயர்க்காதே. இருக்கட்டும். தண்ணீர் வராத குழாயைவிட என் அப்பாவுக்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் எவனும் கட்ட முடியாது. நாய்க்கும் அவருக்கும் விரோதம் கிடையாது. குழாயில் மட்டும் பழையபடி சிவப்பு அடித்துவிடு.

தம்ளரைப் பற்றி. உனக்குத் தெரியாது, கொண்டுபோனாய். எனக்குத் தெரிந்தும் நான் வரவில்லை. ஆகஸ்டில் யாரோ போன் செய்து வாதம் என்று சொன்னார்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு அல்ல என்று சொன்ன அந்த நான்கு வரியை இப்போது எழுதுகிறேன். "செந்தாமரை, அம்மா காரியத்தன்று லாரியில் பிடித்த பாட்டில் கறுக்கவில்லை. ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன், கறுக்கவே இல்லை. நல்ல தண்ணீர். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்."

அந்தப் பாட்டில் அவரிடமே இருந்திருக்கும். அவர் வீட்டைக் காலி செய்யும்போது அலமாரியில் தெளிந்த தண்ணீரோடு ஒன்று கிடைத்தால் எனக்கு அனுப்பு. மாசிக் கடைசியில் நானே வந்தாலும் வருவேன். குழியை மூடச் சொல்லிப் பஞ்சாயத்தில் மனு கொடுக்க மகள் கையெழுத்து உதவும் அல்லவா. தமிழ்மாறனுக்கு வேலை கிடைத்ததா என்று எழுது.

மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்களே, அதை இனி யாரும் கேட்கமாட்டார்கள். நீ எழுதுவதாக இருந்தால் எனக்கு எழுது. லாரித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு ஆறு வருஷம் ஆயிற்று. மே மாதக் கையெழுத்து பொய் என்று ஒத்துக்கொள்ள ஒரு மாதம்தான். அந்த வேகத்தில் போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் என்னோடு போனில் பேசியிருப்பார்.

சிவப்புப் பெயிண்ட் எனாமலாகப் பார்த்து வாங்கு. மற்றதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது.

அக்கா,
செந்தாமரை